மண்ணெண்ணெய் மணத்த வண்டிகள்

சென்ற கோடைகாலத்தில், இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்துக் கிராமம் ஒன்றின் புல்வெளியிலே, பழைய வாகனங்களில் அபிமானம் கொண்டவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியிருந்தார்கள். மகளும் மருமகனும் என்னையும் அங்கே அழைத்துச் சென்றிருந்தனர். வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த கார்களையும், லொறிகளையும், அடுப்பும் படுக்கையும் உள்ளே அடக்கி ஊரூராகச் சென்று தங்குவதற்கென அமைக்கப்பட்ட வான்களையும் பார்த்தவாறு மெல்ல நடந்து வருகையில், ஒரு பெட்போட் டோமொபில் வானின் பக்கத்தே முதியவர் ஒருவர் பித்தளைப் பிறைமஸ் அடுப்பொன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முதலில் சிறிது மதுசாரத்தை ஊற்றிக் கொளுத்தி, அடுப்பின் தலை சூடேறிய பின்னர் அவர் பம்பை அடித்து மண்ணெண்ணெயை மேலேற்ற, அது ஆவியாகி நீலச் சுடராகப் பிடித்துக்கொண்டது. அதற்கு அடுத்தாற்போல் பச்சை நிற மொறிஸ் மைனர் ஒன்று நின்றது. அந்த மணமும் அந்தக் காரின் உருவமும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தபோது, இங்கிலாந்துக்கு வந்து இத்தனை வருஷங்களாகியும் எனக்கு நேராத ஓர் அநுபவம் நேர்ந்தது. என் மனம் சொல்லாமற் கொள்ளாமல் வடமராட்சிக்குப் போய்விட்டது.

காருக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவோர், யாழ்ப்பாணத்தில் ஒரு குறித்த காலத்தில் வாழாதவர்களாயிருத்தல் வேண்டும். அவர்களுக்காக, அந்தக் கார்கள் எங்கள் ஊருக்கு வந்து நிலைத்த வரலாற்றையே முதலிற் சொல்லத் தோன்றுகிறது.

மொறிஸ் மைனரை நான் முதன்முதலாகக் கண்டது பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டிலை அடுத்துக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டகைக்குள்ளே. பெரியப்பா தென்னிலங்கையின் பல ஊர்களில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலே அப்போதிக்கரியாக உத்தியோகம் பார்த்து, இளைப்பாறும் தறுவாயில் அந்தக் காரோடு ஊர் வந்து சேர்ந்தவர். முன்கண்ணாடி நடுவிலே ஒரு கம்பியால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்த பழைய மாதிரி அது; 803 சீசீ எஞ்சின்; இலக்கத் தகட்டில் ஈ, என் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள். சிலோன் என்ற பெயரின் எழுத்துக்களையே இரண்டிரண்டாகக் கோத்து வாகனங்களுக்கு இலக்கம் வழங்கிய காலத்தின் சின்னம் அது. 1957ஆம் ஆண்டில் அவற்றின் இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்ததும், அதை எதிர்த்துத் தமிழ்ப் பிரதேசங்களில் வாகனத் தகடுகளிலே தமிழ் 'ஸ்ரீ' பொறித்து நடந்த போராட்டமும், பெரியவர்கள் குரலைத் தணித்துப் பேசிக்கொள்ளும் விஷயங்களாக எங்கள் காதுகளில் விழுந்ததுண்டு. பெரியப்பாவின் கார் அதற்கு முன்னரே பதியப்பட்டதாகையால், அந்த இரண்டு ஆங்கில எழுத்துக்களையும் அவர் பிடிவாதமாகப் புதுச் சாயம் பூசித் துலக்கிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கோவிலுக்குப் போய் வந்து விபூதி அழியாத நெற்றியோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் காரின் அடியிற் பாய் விரித்துப் படுத்துவிடுவார். கிறீஸ் அடிக்கும் பம்பை நாங்கள் சிறுவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். முன்சில்லுகளைத் தாங்கி நிற்கும் திருகு மூட்டுக்களுக்குக் கிறீஸ் அடிக்கத் தவறினால், அவற்றின் புரி தேய்ந்து, ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மூட்டுக் கழன்று சில்லு பக்கவாட்டிற் சாய்ந்து, கார் மண்டியிட்டு விழும். அவருடைய சிரத்தையின் அர்த்தம் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் கவனமெல்லாம் கதவுகளுக்கிடையிலுள்ள தூணில் ஒளிந்திருக்கும் சிறிய 'கை'யின் மேலேயே இருந்தது. இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்புமுன் சாரதி ஒரு விசையைத் திருப்பினால், தூணுக்குள்ளிருந்து விளக்கேற்றிய அந்தக் கை வெளியே எழுந்து நீளும். சில வேளைகளில் அது எழாமல் அடம்பிடிக்கும். அப்போது பின்னால் இருப்பவர் தூணின் உட்புறத்தில் ஓர் அடி அடிக்க வேண்டும். அந்த அடியை யார் அடிப்பது என்பதில் எனக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கும் இடையே நடந்த வழக்குகளைத் தீர்ப்பதே பெரியம்மாவுக்குப் பிரயாணத்திலே பெரும் பணியாயிருந்தது.

கென்றிலே அந்தப் பச்சைக் காரின் உரிமையாளர், நான் அதை விட்டு அகலாமல் நிற்பதைக் கண்டு, மிக்க அன்போடு எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். மூடியின் நடுவே முன்னிருந்து பின்னாகச் செல்லும் தட்டையான மேடு ஒன்றைத் தடவி, அதன் கதையையும் சொன்னார். ஸ்மிர்னா நகரிற் பிறந்து இங்கிலாந்துக்கு வந்தவரும், பிற்காலத்தில் மினி காரைப் படைத்துப் புகழ் பெற்றவருமான அலெக் இசிகோனிஸ் என்பவரே மைனரை வடிவமைத்தவர். உருவம் ஏறக்குறைய முடிவான பின்னும் அவர் மனத்துக்கு அது ஒடுக்கமாகவே பட்டது. ஆகவே மாதிரிக் காரை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, நாலு அங்குல இடைவெளியிலே திருப்தி கொண்டார். அந்த நாலு அங்குலத்தை நிரப்ப வந்ததே மூடியின் மேலுள்ள மேடு. நிறுவனத்தின் அதிபரான நஃபீல்ட் பிரபு அதன் உருவத்தை முட்டையோடு ஒப்பிட்டு இகழ்ந்தார் என்று சொல்வார்கள். 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளியிடப்பட்ட அந்தக் காரோ, பத்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியான முதலாவது பிரித்தானியக் கார் என்ற கீர்த்தியைப் பெற்றது. சிறுவயதில் அந்த மேட்டின்மேல் விரலை வைத்து முன்கண்ணாடி வரை ஓட்டி விளையாடியிருக்கிறேன். அழகுக்காகச் செய்தது என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். ஒருவர் தம் கண்ணுக்குச் சரியென்று படும் வரை அறுத்தும் பொருத்தியும் பார்த்த உழைப்பின் தழும்பு அது என்று அறிந்தபோது, பெரியப்பாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்றுதான் முதலில் வருந்தினேன்.

எங்கள் ஊரிலே மைனருக்கு அடுத்தபடியாக மதிப்புப் பெற்றது ஒஸ்ரின் ஏ40 சோமசெட். 1952 முதல் 1954 வரையுமே உற்பத்தியான அந்தக் காரை வைத்து வாடகைக்கு ஓடிய ஒருவர் எங்கள் சந்தியில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் மறைந்து, ஊரார் வாயிலே 'சோமசெட்காரர்' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. கியர்த் தடி தரையில் இல்லாமல் சுக்கானின் தண்டிலேயே அமைந்திருந்தமையால், முன் ஆசனத்திற் சாரதியோடு இன்னும் இருவர் நெருங்கி இருக்கலாம். பின்னால் எத்தனை பேர் என்பது அன்றைய வைபவத்தைப் பொறுத்தது. தாலிகட்டு முடிந்த தம்பதிகள் வீடு புகுந்ததும், பிள்ளைப்பேற்றுக்குச் சென்ற பெண்கள் குழந்தையோடு திரும்பியதும், கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வந்திறங்கிய உத்தியோகத்தர்கள் பெட்டி படுக்கையோடு ஊர் சேர்ந்ததும் அந்த ஒரே வண்டியில்தான். கலியாணத்துக்கு முதல்நாள் அதைக் கழுவித் துடைத்து, முன்மூடியிலே மாலை கட்டுவதற்கு இடம் பார்த்து நிற்கும் சோமசெட்காரரின் முகத்தில், மாப்பிள்ளையின் தகப்பனாருக்குரிய பொறுப்பும் பெருமையும் தெரியும்.

இத்தனை பழைய கார்கள் எங்கள் நாட்டில் ஏன் நிலைத்தன? 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அடுத்த தசாப்தத்தில் கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1977க்குப் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானிய வண்டிகள் வரும் வரை, 1950களில் வந்தவற்றையே பழுதுபார்த்து ஓட்டுவது தவிர வேறு கதியில்லை. அவ்வாறு ஒரு தலைமுறைக் காலம் ஓட்டியதனாலே, அந்த வண்டிகளின் நரம்பு நாடியெல்லாம் அறிந்த தொழிலாளர் பரம்பரை ஒன்று ஊருக்கு ஊர் உருவாகிவிட்டது. பின்னாளில் எங்களைக் காப்பாற்றியது அந்த அறிவே என்பது என் துணிபு.

கார்களைச் சொல்லிவிட்டுத் தட்டிவானைச் சொல்லாமல் விட்டால் என் இளமைக்காலத்துக்கு நான் துரோகம் செய்தவனாவேன். கென்ற் புல்வெளியின் ஒரு மூலையிலே, சிவப்பும் பச்சையுமாக வர்ணந் தீட்டப்பட்டு நின்ற பழைய பெட்போட் லொறியொன்றின் பின்பலகையைக் கண்டதும், என்னையறியாமல் அதன் சங்கிலியைப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் தட்டிவானுக்கும் அப்படித்தான் சங்கிலி இருக்கும். பழைய லொறியின் அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தாற் கூடு அமைத்து, இரு பக்கமும் நீள வாங்குகள் பொருத்தி, மழைக்கும் வெயிலுக்கும் சுருட்டி விடக்கூடிய படங்குகளைத் தொங்கவிட்டு, பின்புறத்திலே திறந்தால் சங்கிலிகளின் பிடியில் கிடையாக நிற்கும் பலகைத் தட்டியையும் அமைத்து உருவாக்கியதே அந்த வண்டி. தட்டியின் மேலே வாழைக்குலையும், பலாப்பழமும், மரக்கறிக் கடகங்களும், கருவாட்டுச் சிப்பங்களும் ஏறும். அவற்றுக்கு இடையிடையே கால் வைக்க இடங்கண்ட ஆண்கள் தொங்கிக்கொண்டு வருவார்கள். 1958 தை முதலாந் திகதி பஸ் சேவைகளெல்லாம் அரசாங்கத்தின் போக்குவரத்துச் சபைக்குக் கைமாறிய பின்னரும், சந்தைக்குச் சாமான் கொண்டுசெல்லும் சனங்களுக்குச் சிவப்பு பஸ்ஸிலே இடங் கிடைப்பது அரிதாகையால், கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே தட்டிவான்கள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருந்தன.

அம்மாவோடு கொடிகாமம் சந்தைக்குத் தட்டிவானிலே போன பிரயாணங்கள் இன்றும் என் நினைவிற் பசுமையாயிருக்கின்றன. உதவியாள் தட்டியில் நின்றபடி, இறங்குவோர் உண்டெனில் "கோல்டோன்!" என்பான், எல்லோரும் ஏறிய பின்னர் மரக்கூட்டில் இரண்டு தட்டுத் தட்டி "றைற்!" என்பான். வழியில் றேடியேற்றர் கொதித்து முன்னால் ஆவி சீறும்போது வண்டி ஏதாவதொரு கிணற்றடியில் நிற்கும். அவன் வாளியோடு வளவுக்குள் ஓடுவான். வண்டியிலிருந்தவர்கள் யாரும் சலித்துக்கொண்டதாக எனக்கு ஞாபகமில்லை. பெண்கள் வெற்றிலைப் பையை அவிழ்ப்பார்கள், ஊர்ப்புதினங்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்லும், கிணற்றுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "ஆரது, தம்பிமுத்தற்றை மோளோ? கொம்மா சுகமோ?" என்று கேட்பாள். தண்ணீர் விட்டு, மூடி பூட்டி, மீண்டும் "றைற்!" என்ற குரல் கேட்கும் வரையில் அந்தத் தெருவோரம் ஒரு திண்ணையாகவே ஆகிவிடும்.

இனி மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். 1990 ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி முதலாக எத்தனையோ பொருள்கள் வடக்கே செல்லலாகாது என்று தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெய் மாத்திரம் பங்கீட்டு அளவிலே, விலை ஏறியும் இறங்கியும், வந்துகொண்டிருந்தது. விளக்குக்கும் அதுதான், தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் அதுதான், இனி வாகனங்களுக்கும் அதுவேதான் என்றாயிற்று. நான் அப்போது ஊர்ப் பாடசாலையில் ஆசிரியனாயிருந்தேன். புதிய யப்பானிய வண்டிகள் கொட்டகைகளிற் படங்கு மூடிக் கிடக்க, எங்கள் பெரியப்பா காலத்து மொறிசும் ஒஸ்ரினும் வெண்புகை கக்கிக்கொண்டு தெருவில் இறங்கின.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலந்து தீப்பற்ற வல்லது. மண்ணெண்ணெய் நன்றாகச் சூடேறிய இடத்தில்தான் ஆவியாகும். பிறைமஸ் அடுப்பின் தலையை மதுசாரம் முதலிற் சூடாக்குவது போல, எஞ்சினையும் முதலிற் சிறிது பெற்றோல் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். சூடேறினாலும், எரிகலவையை மிகுதியாக அழுத்தும் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் காலத்துக்கு முந்தியே வெடித்துப் பிஸ்ரனைச் சேதப்படுத்தும். இக்காலத்துக் கார்கள் பத்துக்கு ஒன்று என்ற அளவிலும் அதற்கு மேலும் அழுத்துவன. 1950களின் தொடக்கத்து மொறிசும் ஒஸ்ரினும் ஏழுக்கு ஒன்று என்னும் அளவை ஒட்டியே அழுத்துவன. அன்றியும், மொறிசின் எஞ்சினிலே காற்றும் எரிபொருளும் உள்ளே செல்லும் குழாயும், எரிந்த புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், வெளியேறும் புகையின் வெப்பமே உள்ளே புகும் மண்ணெண்ணெயை ஆவியாக்கப் பெரிதும் துணைபுரிந்தது. அந்தக் கார்கள் உற்பத்தியான அதே காலத்தில் இங்கிலாந்தின் வயல்களில் ஓடிய பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலிற் கிளம்பிச் சூடேறிய பின் மலிவான மண்ணெண்ணெய்க்கு மாறும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது என்று பின்னர் அறிந்தேன். எங்கள் கராஜ்காரர் அந்த இயந்திரத்தின் கையேட்டைப் படித்தவரல்லர். தம் கையாலும் காதாலும் மூக்காலும் அதே முடிவுக்கு அவர் தாமாகவே வந்து சேர்ந்தார்.

அவருடைய கராஜ் என்பது ஒரு வேப்பமரமும், அதன் கீழே தோண்டிய ஒரு குழியும், தகரக் கொட்டகையொன்றுமே. காபரேற்றருக்குச் செல்லும் வழியிலே இரண்டு குழாய்கள் வந்து சேருமாறு ஒரு பித்தளைத் திருகுபிடியை அவர் பொருத்துவார். ஒரு பக்கம் மண்ணெண்ணெய்த் தாங்கி, மற்றப் பக்கம் குழந்தைகளுக்கு வயிற்றுவலி மருந்து வந்த கண்ணாடிப் போத்தலில் அரைவாசி பெற்றோல். அந்தப் போத்தல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு யாரும் தும்மக்கூடக் கூடாது, அவ்வளவு அருமை. பற்றறி மெலிந்து கிடப்பதால் விசையைத் திருப்பிக் கிளப்புவது என்பது நடவாத காரியம். முன்னால் இரும்புத் தடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். "பெருவிரலை மடிச்சுப் பிடிக்காதையுங்கோ மாஸ்டர், திருப்பி உதைச்செண்டால் கை முறிஞ்சு போம். மற்ற விரலுகளோடை ஒரு பக்கமா வைச்சு, கீழையிருந்து மேலை இழுங்கோ" என்று அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது, நான் மாணவர்களுக்குக் கற்பித்த பலவற்றிலும் பிரயோசனமானது.

எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளில் கரி படியும். ஆகவே ஒவ்வொரு நாளும் பிளக்கைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், ஒயிலை விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பார்ப்பதும் அவருக்கு நித்திய கருமங்களாயின. உதிரிப்பாகம் என்று ஒன்றும் வராது. காட்போட் அட்டையை வெட்டிக் காஸ்கெற் செய்தார். பித்தளைக் கட்டியைக் கடைந்து புஷ் செய்தார். தேய்ந்த ரயருக்கு உட்புறமாக இன்னொரு ரயரின் துண்டை வைத்து ஓடவிட்டார். ஒரு நாள் நான் வியப்பு மேலிட்டு, "இதெல்லாம் எங்கை அண்ணை படிச்சனீங்கள்?" என்று கேட்டபோது, அவர் எஞ்சினுக்குள் கையை விட்டபடியே, "உதுக்குள்ளை எனக்கு விளங்காத சாமான் ஒண்டுமில்லை மாஸ்டர், எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, கைக்கு எட்டுது" என்றார். பழைய வாகனங்களைப் பற்றி அறிஞர்களும் அபிமானிகளும் எழுதிய நூல்கள் சிலவற்றை இங்கு வந்தபின் படித்திருக்கிறேன். அவற்றின் பெருமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் எவரையும் நான் இன்னும் காணவில்லை.

என் தங்கைக்குப் பிரசவ வலி கண்ட இரவு, ஊரடங்கிய வேளை. சோமசெட்காரர் அப்போது கிழவராகிவிட்டார்; ஆயினும் கதவைத் தட்டியவுடன் எழுந்து வந்தார். மருந்துப் போத்தலில் இருந்த பெற்றோல் அடியில் ஒரு விரற்கடை அளவுதான். அதை முழுவதும் காபரேற்றரில் விட்டு, நான் தடியைச் சுழற்ற, மூன்றாம் சுற்றிலோ நாலாம் சுற்றிலோ எஞ்சின் பிடித்துக்கொண்டது. உடனே புறப்படுவார் என்று நான் பதைத்துக்கொண்டு நிற்க, அவரோ அசையாமல் முன்மூடியின் மேலே உள்ளங்கையை வைத்து வெப்பம் பார்த்துக்கொண்டு நின்றார். பெற்றோல் முடிவதற்கும் எஞ்சின் சூடேறுவதற்கும் இடையிலுள்ள அந்த நூலிழை இடைவெளியை அவருடைய கைதான் அறியும். பிடியைத் திருப்பினார், எஞ்சின் ஒரு முறை மூச்சுத் திணறி, இருமி, பின்பு சீராகிவிட்டது. "மாஸ்டர், தங்கச்சியைப் பின் சீற்றிலை ஆறுதலாப் படுக்க வையுங்கோ. ஆஸ்பத்திரியிலை இறக்கி, டொக்டர் கண்டு முடியுமட்டும் நான் எஞ்சினை நிப்பாட்டமாட்டன்" என்றார். விளக்குகளை வெளிச்சம் மேலே தெரியாதவாறு பாதி மறைத்து, ஒழுங்கைகளின் வளைவுகளை ஞாபகத்தினாலேயே கடந்து, மந்திகை ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கொண்டுசேர்த்தார். விடியும் வரை அந்த வண்டி வாசலில் வெண்புகை விட்டுக்கொண்டு நின்றது. யாரையாவது யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்ற நேர்ந்தால் என்ற எண்ணத்தில், பங்கீட்டிற் கிடைத்த, தம் வீட்டு விளக்குக்குரிய மண்ணெண்ணெயையும் அவர் தாங்கியில் ஊற்றியிருந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. பிறந்த பெண் இன்று ஒரு பாடசாலையிற் பௌதிகம் கற்பிக்கிறாள்.

டோமொபில் வானின் உரிமையாளர் அன்று தேநீர் தந்து உபசரித்தபோது, அந்த வண்டியின் கூரை ஒரு பக்கமாக எழும்பி நிற்பதையும், கோடு போட்ட படங்கின் உள்ளே இரண்டு தொங்குபடுக்கைகள் விரிவதையும் எங்களுக்குக் காட்டினார். அண்மையிலுள்ள போக்ஸ்ரன் நகரிலே, மாட்டின் வோல்ற்றர் என்ற நிறுவனம் பெட்போட் வான்களை இவ்வாறு மாற்றியமைத்ததாம். விடுமுறைக்குக் கடற்கரை செல்லும் ஒரு குடும்பத்துக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சிறு இடத்துக்குள் எத்துணை அழகாக அடங்கியிருந்தது! பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாயிருந்தது. அதே வேளையில் 1995 ஐப்பசியின் முடிவும் மனத்தில் எழுந்தது. வலிகாமம் முழுவதும் பெயர்ந்து, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, லொறிகளும் தட்டிவான்களும் உழவு இயந்திரப் பெட்டிகளுமே பலருக்கு வீடுகளாயின. எங்களை அண்டி வந்து வடமராட்சியில் ஒரு வளவிலே தங்கிய குடும்பமொன்று, பழைய லொறியின் பின்பலகையைத் திறந்து, அதன்மேல் அடுப்பு மூட்டி, படங்கைக் கூரையாகக் கட்டி மாதக்கணக்கில் அதிலேயே வாழ்ந்தது. பலகையில் ஒரு குழந்தை ஏடு தொடக்கியதையும் நான் பார்த்தேன். அரிசியைத் தட்டத்திற் பரப்பி, 'அ' எழுதுவித்தவன் நானே. அதற்கு மேல் அக்காலத்தைப் பற்றி இங்கே எழுதப் பிரியமில்லை.

2002இல் ஏ9 வீதி திறந்த பின்பு, தெற்கிலிருந்து பலர் பழைய கார்களை விசாரித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள் என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவர்களும் மெய்யான ரசிகர்களே; ஒரு கைப்பிடியின் வளைவையும், விளக்குக்கு மேலுள்ள நிக்கல் வளையத்தையும் கண்டு குழந்தைகளைப் போல மகிழக்கூடியவர்கள். சோமசெட்காரரின் மகனிடமும் கேட்டார்களாம். காசு நல்ல காசு. வீட்டில் தேவையும் இருந்தது. அவன் கொடுத்துவிட்டான். அவனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. துருவெல்லாம் நீக்கிப் புதுச் சாயம் பூசப்பட்டு, அந்தக் கார் இன்று கலியாண ஊர்வலங்களுக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதுவும் அதற்குப் பழகிய வேலைதான். ஆனால், அத்தகைய கார்களைப் பாராட்டி எழுதப்படும் எழுத்துக்களில் உற்பத்தி ஆண்டும், வர்ணமும், அசல் பாகங்கள் எத்தனை என்பதும் இருக்கின்றனவே தவிர, காட்போட்டில் வெட்டிய காஸ்கெற்றுக்கு இடமில்லை. அசலல்லாத பாகம் என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எனக்கோ, அந்தக் காரின் சரித்திரத்தில் மிகவும் அசலான பகுதி அதுவே என்று தோன்றுகிறது. ஒரு வாகனத்தின் மேல் அன்பு வைப்பவர்கள் அதை உயிரோடு வைத்திருந்த கைகளையும் விசாரித்து அறிந்து எழுதிவைக்க வேண்டும்.

பெரியப்பாவின் மொறிஸ் இன்னும் ஊரிலேதான் இருக்கிறது; அவருடைய பேரன் வைத்திருக்கிறான். கென்றிலே பச்சைக் காரின் உரிமையாளரிடம் இதை நான் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையமொன்றை நிறுவிய சார்ள்ஸ் வேர் என்பவர், அக்கார்களுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இலங்கையிலே செய்வித்து இங்கிலாந்துக்கு இறக்குமதி செய்தார் என்றும், தம் காரின் ஒரு பகுதியும் அவ்வாறு வந்ததாயிருக்கலாம் என்றும் சொல்லி, பாகங்கள் வாங்கக்கூடிய ஓர் இடத்தின் விலாசத்தையும் எழுதித் தந்தார்.

அன்றிலிருந்து பேரனுக்கும் எனக்கும் தொலைபேசியில் இதே பேச்சுத்தான். சென்ற கிழமை, எஞ்சினுக்குப் பக்கத்திலே இரண்டு குழாய்கள் பொருந்தும் பித்தளைப் பிடியொன்று வீணாக இருக்கிறது, கழற்றிவிடவா என்று கேட்டான். அதை யார் பொருத்தினார், எதற்காகப் பொருத்தினார் என்பதையெல்லாம் அவனுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். "அப்ப கிடக்கட்டும் சித்தப்பா, ஒயில் போட்டு இளக்கி வைக்கிறன்" என்றான். முன்சில்லு மூட்டுக்களைப் பற்றி விசாரித்தேன். இடப்பக்கத்து மூட்டில் ஆட்டம் இருக்கிறதாம். ஆவணி ஞாயிறுகளில் வல்லிபுரக் கோவிலுக்குக் காரை எடுத்துப்போக வேண்டும் என்று அவனுடைய பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புதிய மூட்டு ஒரு சோடியும், தூணிலுள்ள கைக்கு இரண்டு பல்புகளும் வாங்கி வைத்துவிட்டேன். ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். மூட்டு வந்து சேரும் வரை பழையதற்கு ஞாயிறுதோறும் கிறீஸ் அடிக்கும்படியும், சந்திக்கு அப்பால் அதை ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.